சுபிக்ஷா காய் விட்ட கோடை

பள்ளிக்கூடங்கள் திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையன்று, அவிநாசிக்கு மேற்கே நெடுஞ்சாலையோரத்தில் இருக்கும் குதூகலம் விளையாட்டுப் பூங்காவில், மூன்றாம் வகுப்புக்குப் போகவிருந்த சுபிக்ஷா என்னும் சிறுமி, எல்லாரும் ஜம்பிங் என்று சொல்லும் துள்ளுமேடையின் நடுவில் நின்று, முழங்காலை மடக்கி, ஒருமுறை மெல்லவும் ஒருமுறை ஓங்கியும் குதித்து, மூன்றாம் முறை மேலே போனவள் கீழே வரவில்லை. விளக்குக் கம்பத்தின் தலைக்குச் சரியான உயரத்தில், அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு கிளை இருந்து அதில் தனக்கென்று ஓர் இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தாற்போல, கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்துகொண்டாள்.

அவளோடு குதித்த மற்றப் பிள்ளைகள், பிள்ளைகள் இறங்குகிற விதமாகவே இறங்கினார்கள். நேரம் முடிந்ததற்கான விசில் ஊதப்பட்டது. பச்சைப் பட்டை கட்டியவர்கள் வெளியே வரலாம், மஞ்சள் பட்டை கட்டியவர்கள் உள்ளே போகலாம் என்று ஒலிபெருக்கி சொன்னது. மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டியிருந்த சுபிக்ஷா வரவில்லை. பூங்காவின் மேலாளர் லோகநாதன் வந்து, நெற்றியில் கைவைத்து வெயிலை மறைத்து அண்ணாந்து பார்த்து, "பாப்பா, உங்க டைம் முடிஞ்சுதுங்க, அடுத்த பிள்ளைக நிக்கிறாங்க" என்று, எந்தப் பிள்ளையிடமும் சொல்லும் அதே மரியாதையோடு சொன்னார். சுபிக்ஷா தலையசைத்தாள். புரிகிறது என்றும் இயலாது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். லோகநாதன் சற்று யோசித்துவிட்டு, மஞ்சள் பட்டைப் பிள்ளைகளைப் பக்கத்து மேடைக்கு அனுப்பினார்.

அவளுடைய தகப்பன் பூபதி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். தாய் மேகலா வேறொரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தாள்; வெள்ளைத் துணியில் ஓடும் வெள்ளை இழையின் பிசகைக்கூட நின்ற இடத்திலிருந்தே கண்டு சொல்லிவிடுவாள். இளைய மகள் லயாவுக்கு என்ன வயதோ அத்தனை ஆண்டுகளாக அவ்விருவரும் ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. அதைச் சண்டை என்று எவரும் சொல்லிவிட முடியாது. ஒரே வீட்டில் உண்டார்கள், ஒரே வண்டியில் திருமணங்களுக்குப் போனார்கள், நிழற்படங்களில் அருகருகே நின்றார்கள். பேச வேண்டியதை மட்டும் சுபிக்ஷாவிடம் சொல்லியனுப்பினார்கள். அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு. அம்மாகிட்டச் சட்டை தேச்சாச்சான்னு கேளு. அப்பாகிட்ட சிலிண்டர் தீர்ந்துபோச்சுன்னு சொல்லு. அம்மாகிட்ட நாளைக்கு வர நேரமாகும்னு சொல்லு. இந்த வேலை சுபிக்ஷாவிடம் வந்து சேர்ந்தபோது, சொல்லோடு சொல்லைச் சேர்த்துப் பேச அவள் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாள். தன் சொற்களைத் தேடவேண்டிய வயதில் பிறர் சொற்களைச் சுமந்தாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நடந்து நடந்து அவற்றைச் சுமந்தாள். ஒன்றையும் சிந்தாமல், ஒன்றையும் கூட்டாமல், சினம் இருந்தால் அதை மட்டும் வழியில் எங்கோ இறக்கிவைத்துவிட்டு, மீதியைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரே ஒரு சொல். லயா பிறந்த அன்று, மருத்துவமனையில் செவிலி வெளியே வந்து பெண்குழந்தை என்று சொன்னபோது, தாழ்வாரத்தில் நின்றிருந்த பூபதி, "மறுபடியுமா?" என்று கேட்டான். கதவு திறந்திருந்தது. உள்ளே படுத்திருந்த மேகலா அதைக் கேட்டாள். குழந்தையைத் துடைத்துக் கொண்டுவந்து அவளருகில் கிடத்தியபோது அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் உள்ளே வந்து நின்றான், எதுவும் சொல்லாமல் வெளியே போனான், போகும்போது தாழ்வாரத்தில் விளையாடிக்கொண்டிருந்த மூத்த மகளிடம், அம்மாவுக்குக் காபி வேணுமான்னு கேட்டுட்டு வா கண்ணு என்று சொன்னான். அதுதான் அவள் சுமந்த முதற்சொல்.

பூங்காவுக்குப் புறப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள்களைப் போலத்தான் தொடங்கியது. வண்டியில் முன்னிருக்கையில் அருகருகே அமர்ந்திருந்த இருவரும், பின்னிருக்கையில் இருந்த குழந்தையின் வழியாகவே வழி கேட்டுக்கொண்டார்கள். கண்ணாடியை ஏற்றச் சொல்லும் சொல் முன்னிருக்கையிலிருந்து பின்னுக்குப் போய் மறுபடியும் முன்னிருக்கைக்கு வந்தது. பூங்காவுக்குள் வெளியுணவு கூடாது என்பதால், மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து வண்டி நிறுத்துமிடத்தில் சமுக்காளம் விரித்துத் தக்காளிச் சோறு உண்டார்கள். அங்கேயும் ஊறுகாய் சுபிக்ஷாவின் வழியாகவே கைமாறியது. முயல்களைப் பார்த்தார்கள். ஊதிவைத்த கோட்டையில் லயா வழுக்கினாள். துள்ளுமேடைக்கென்று கொடுத்த காலுறையில் எது யாருடையது என்று அக்கா தங்கைக்குள் சிறு பூசல் வந்து போயிற்று. பிறகு, மேடையைச் சுற்றிக் கட்டிய வலைக்கு ஒரு புறம் தாயும் மறுபுறம் தகப்பனும் நிற்க, நடுவில் சுபிக்ஷா நின்றபோது, அப்பாகிட்ட லயாவைப் பார்த்துக்கச் சொல்லு என்று இந்தப் பக்கத்திலிருந்தும், அம்மாகிட்டச் செருப்பு எங்க இருக்குன்னு கேளு என்று அந்தப் பக்கத்திலிருந்தும், ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் வந்தன. சுபிக்ஷா சுண்டுவிரலை நீட்டினாள். "நான் காய்" என்றாள். அதன் பிறகுதான் குதித்தாள்.

அவள் காய் விட்டதைப் பலரும் கேட்டார்கள். சுண்டுவிரலை யாரை நோக்கி நீட்டினாள் என்பதை எவரும் கவனிக்கவில்லை.

மாலையில் தீயணைப்பு வீரர்கள் ஏணியோடு வந்தார்கள். ஏணி எட்டியது. ஏறிப்போனவர் அவளுடைய காலைப் பற்றி, முதலில் மெல்லவும் பிறகு சற்று அழுத்தியும் இழுத்துப் பார்த்தார். இறங்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தமக்கு மாந்தோப்பு இருப்பதாகவும், பறிக்கக் கூடாத காயைப் பிடித்தால் கைக்கு எப்படித் தெரியுமோ அப்படித்தான் தெரிந்தது என்றும் சொன்னார். "காம்பு விடலைங்க. இதுக்கு மேல இழுத்தா ஒடிஞ்சு போகும்" என்றார். எது ஒடியும் என்று எவரும் கேட்கவில்லை. காய் விட்ட பிள்ளை காயாக இருக்கிறது, பழுத்தால் தானே இறங்கும் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் அந்தக் கணத்திலேயே விளங்கிப்போயிற்று. விளங்கியபின் அதில் வியப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ஏணியை மடக்கி ஏற்றிக்கொண்டு அவர்கள் போனார்கள்.

லோகநாதன் பிறந்தநாள் விழாக்களுக்கென்று வைத்திருந்த அறையை அந்தக் குடும்பத்துக்குத் திறந்துவிட்டார். சுவரில் ஒட்டிய பொன்னிற எழுத்துகளுக்கும் காற்றிறங்கிய பலூன்களுக்கும் கீழே, மேகலா ஒரு மூலையிலும் பூபதி ஒரு மூலையிலும் பாய் விரித்தார்கள். லயா பகலெல்லாம் துள்ளுமேடையின்மேல் விழுந்த அக்காவின் நிழலில் விளையாடினாள், உறக்கம் வந்தால் அந்த நிழலிலேயே படுத்துக்கொண்டாள், நிழல் நகர்ந்தால் உறக்கத்திலேயே தானும் நகர்ந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் குதித்த அன்று பக்கத்துச் சமுக்காளத்தில் அமர்ந்து உண்ட தாராபுரத்து அம்மாள், அந்தப் பிள்ளை என்னவாயிற்று என்று பார்க்கவே பேருந்தேறி வந்தார். பெரிய உருவமும் அதைவிடப் பெரிய குரலும் உடையவர். இது காலுறைக்காக வந்த சண்டைதான், தங்கச்சி பழம் விட்டால் அக்காள் இறங்கிவிடுவாள் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பூங்காவில் இருந்த பிள்ளைகளையெல்லாம் கூட்டி மேடையைச் சுற்றி நிறுத்தி, நடுவில் லயாவை நிறுத்தினார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து எல்லாக் கைகளும் மேலே உயர்ந்தன. பழம், பழம் என்று எல்லாக் குரல்களும் மேலே சென்றன. சுபிக்ஷா குனிந்து பார்த்தாள்.

"உங்கிட்ட நான் காய் விடவே இல்ல லயா" என்றாள்.

அப்படியானால் யாரிடம் என்பதுதான் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. மேகலா தன் சேலைத் தலைப்பின் ஓரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பூபதி வலையின் முடிச்சொன்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தான். தாராபுரத்து அம்மாள் இவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், திறந்த வாயை மூடிக்கொண்டார். கணவன் மனைவிக்கு நடுவே மூன்றாம் மனிதர் பேசக் கூடாது என்கிற வழக்கத்தை அவர் தம் வாழ்நாளில் மீறிய இடங்கள் பல உண்டு; அன்றைக்கு ஏனோ மீறவில்லை. அவரே மீறாதபோது மற்றவர்கள் மீறுவது எங்ஙனம்?

ஆகவே அந்தக் கேள்வி தனக்கு உரிய இருவரை விட்டுவிட்டு, மற்ற எல்லாரிடமும் போய்ச் சேர்ந்தது. தாங்கள் விட்ட காய் ஏதேனும் மீதம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தமக்குள் தேடத் தொடங்கினார்கள். கிணற்றுத் தண்ணீர் முறைக்காகப் பேச்சை நிறுத்தியிருந்த சேவூர்ச் சகோதரர்கள் தனித்தனி வண்டியில் வந்து, சுபிக்ஷாவின் நிழலில் நின்று, நரைத்த மீசைகளோடு விரல்களைச் சேர்த்து நீட்டிப் பழம் விட்டார்கள். மருமகளோடு பேசாத மாமியாரும், ஒரே தறிக்கூடத்தில் எதிரெதிரே நின்றும் முகம் பாராத பங்காளிகளும், சீர்வரிசையில் குறை சொல்லிப் பிரிந்த சம்பந்திகளும் வந்தார்கள். வந்தவர்கள் நுழைவாயிலில் பட்டை கட்டிக்கொண்டார்கள். லோகநாதன் அவர்களுக்கென்று வெள்ளைப் பட்டை வரவழைத்தார். வெள்ளைப் பட்டை கட்டியவர்கள் நிழலுக்குப் போகலாம், நிழலில் நிற்பவர்கள் அடுத்தவர்களுக்கு வழிவிடலாம் என்று ஒலிபெருக்கி சொன்னது. பழம் விட்டவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். குழந்தை இறங்கவில்லை, அவள் காய் விட்டது நம்மிடம் இல்லை போலிருக்கிறது என்று ஆறுதலும் ஏமாற்றமும் கலந்து திரும்பிப்போனார்கள். அந்தக் கோடையில் அவிநாசி வட்டாரத்தில் பேசாதவர்கள் என்று சொல்ல அநேகமாக எவரும் இல்லாமற்போனார்கள். பிறந்தநாள் அறையின் இரு மூலைகளில் மட்டும் பாய்கள் விரித்தபடியே இருந்தன.

இதற்கிடையில் பள்ளியும் திறந்திருந்தது. வகுப்பாசிரியை சுலோசனா முதல் நாள் மாலை வந்து, மேடையருகே நாற்காலி போட்டு அமர்ந்து, பெயர் வாசித்தார். "உள்ளேன் அம்மா" என்று மேலிருந்து குரல் வந்தது. குரல் எட்டும் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கு வருகை மறுக்க இயலாது என்று அவர் முடிவு செய்தார். அதன்பின் நாள்தோறும் வந்து அன்றன்றைய பாடத்தை உரத்துப் படித்தார். ஒருமை பன்மையையும், தன்வினை பிறவினையையும் அந்தக் குழந்தை காற்றில் அமர்ந்தே பிழையறக் கற்றது. உணவு வைத்த தூக்குப் பாத்திரத்தை மாங்காய் பறிக்கும் துறட்டுக் கோலின் நுனியில் கோத்துப் பூபதி மேலே அனுப்பினான். மழை வந்த அன்று குடையும் அப்படித்தான் போயிற்று. சுபிக்ஷா அழவில்லை, சினக்கவில்லை, பசித்தால் உண்டாள், உறக்கம் வந்தால் தலையைச் சாய்த்து உறங்கினாள். கீழிருந்து வரும் சொற்களை முன்போலவே உரியவரிடம் சேர்த்தாள். அப்பாகிட்டச் சாம்பார்ல உப்புக் கம்மின்னு சொல்லு கண்ணு என்று மேகலா அண்ணாந்து சொல்வாள். அப்பா, சாம்பார்ல உப்புக் கம்மியாமா என்று மேலிருந்து கீழே வரும். கேட்பவன் சொன்னவளுக்கு இரண்டு முழம் தள்ளித்தான் நின்றிருப்பான். அந்தச் சொல் மட்டும் வானத்துக்குப் போய்விட்டு வந்து அவனைச் சேரும்.

பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் நெடுஞ்சாலையிலிருந்து விலகி வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுள் ஒரு பெண்மணி, ஒரு மயிலிறகைத் துள்ளுமேடையின் விளிம்பில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, தேற்றுவதாக எண்ணி மேகலாவின் தோளைத் தொட்டு, "மனசை விட்றாதீங்க அம்மிணி. பழனியாண்டவரும் கொழந்தைல கோவிச்சுக்கிட்டு மலையேறுனவருதான். இன்னிக்கு வரைக்கும் எறங்காமத்தான் நிக்கறாரு. நாம போய்ப் பாத்துட்டு வர்றமில்லீங்களா?" என்றாள்.

போய்ப் பார்த்துவிட்டு வருகிற தூரத்தில் தன் மகள் நின்றுவிடுவாள் என்பதை அதுவரை மேகலா எண்ணிப்பார்த்ததில்லை. அன்று பிற்பகல் மேடையருகே அமர்ந்து, லயா படுத்திருந்த நிழலை, துணியைப் பார்க்கும் கண்ணோடு பார்த்தாள். நிழலின் விளிம்பு பிசிறடித்திருந்தது. முதல் வாரத்தில் கத்தரியால் வெட்டியதுபோல இருந்த விளிம்பு, இப்போது நூல் பிரிந்த தையலாய்க் கலங்கிக் கிடந்தது. அப்படியானால் குழந்தை மேலே மேலே போய்க்கொண்டிருக்கிறது. எப்போது போகிறது என்று அறிய அவள் கண்ணெடுக்காமல் இருந்தாள். பூபதி வந்தான், அண்ணாந்து, அம்மாகிட்டத் தொரட்டுக் கோலு எங்கேன்னு கேளு கண்ணு என்றான். அம்மா, தொரட்டுக் கோலு எங்கேன்னு அப்பா கேக்கறாங்க என்று குரல் வந்தது. நிழலின் விளிம்பு, மேகலாவின் கண்முன்னே, ஓர் இழை கலங்கியது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோலுக்கு மூங்கில் துண்டு வைத்து நாள்தோறும் நீட்டிக் கட்டிக்கொண்டிருந்த பூபதிக்கும் தெரிந்திருந்தது; குழந்தையிடம் சொல்லியனுப்பும் ஒவ்வொரு முறைக்குப் பிறகும் கோல் எட்டாமற்போகிறது என்பதை அவனும் கணக்கிட்டிருந்தான். ஆயினும் முதற்சொல்லை அவளே சொல்லட்டும் என்று அவனும், அவனே சொல்லட்டும் என்று அவளும் இருந்தார்கள். குழந்தையின் வழியாகப் பேசுவதை மட்டும் இருவரும் சொல்லிவைத்தாற்போல் நிறுத்திக்கொண்டார்கள். சுபிக்ஷா அதற்குமேல் உயரவில்லை, இறங்கவும் இல்லை. மருந்து எது என்று தெரிந்தும் அதைக் கையில் எடுக்காமல் தாய் ஒருத்தி இருந்தாள் என்பதைக் கேட்கிறவர்கள் நம்பமாட்டார்கள். தாழ்வாரத்தில் கேட்ட ஒரு சொல் இத்தனை ஆண்டுகளாக அவள் தொண்டையில் குறுக்கே நின்றது. அதைத் தள்ளிக்கொண்டு வேறொரு சொல் மேலே வர வழியில்லாமல் இருந்தது.

அப்போதுதான் லோகநாதன் வந்து, மேற்குத் திசையைக் காட்டி, ஆனி முடியப் போகுதுங்க என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்த ஊர்க்காரர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆடி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வரும். தகரக் கூரைகளைக் கழற்றும், தட்டி விளம்பரங்களைக் கிழிக்கும், கிளையில் நிற்கும் காயைக் கிளையோடு கொண்டுபோகும்.

அந்தக் காற்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் சாய்ந்த வேளையில் வந்தது. முதலில் முயல் கொட்டகையின் ஓலை எழும்பியது. பிறகு ஊதிய கோட்டை ஒருபக்கம் சாய்ந்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எல்லாரும் சுவரோரம் ஒதுங்கினார்கள். துள்ளுமேடையின் மேலிருந்த நிழல் விளிம்பைத் தாண்டி, தரையில் இறங்கி, கிழக்கே நகரத் தொடங்கியது. சுபிக்ஷா அமர்ந்த நிலை மாறாமல், குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, பேருந்தில் போகிற பயணியாய்க் காற்றோடு போனாள். மேகலா ஓடினாள். பூபதி துறட்டுக் கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். முயல் கொட்டகையைத் தாண்டி, வேலியின் சிறு கதவைத் தாண்டி, முதல் நாள் சமுக்காளம் விரித்து உண்ட வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். நிழல் அவர்களுக்கு முன்னே முன்னே போயிற்று. அதற்கப்பால் நெடுஞ்சாலை, அதற்கும் அப்பால் வெட்டவெளி.

பூபதி ஓடியபடியே கத்தினான். "சுபி! அம்மாகிட்டச் சொல்லு, அந்தப் பக்கமா வந்து..."

பழக்கம் அவனைச் சொல்லவைத்தது. வாயிலிருந்து போன சொல்லை அவனே கேட்டு, நின்று, கோலைக் கீழே போட்டுவிட்டான். மேலிருந்த குழந்தை அந்தச் சொல்லையும் கொண்டுபோய்ச் சேர்க்க வாய் திறந்தது. நிழல் தரையில் கலங்கி, கறையாகி, கண்ணுக்குத் தெரியாமற்போகத் தொடங்கியது.

"ஏனுங்க" என்றாள் மேகலா.

அவன் திரும்பினான். அவளுடைய குரல் தன்னை நோக்கி நேராக வந்தால் எப்படி இருக்கும் என்பதை அவன் மறந்துபோயிருந்தான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில, மறுபடியுமான்னு கேட்டீங்களே. கதவு தெறந்துதான் இருந்துச்சு."

"தெரியும்" என்றான் பூபதி.

"தெரியுமா?"

"நான் உள்ள வந்தப்ப நீ செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டயே. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தன வருசம் ஒரு வார்த்த சொல்லாம இருந்தீங்க?"

"நீ கேப்பீன்னு இருந்தேன்."

"நான் கேக்கோணுமா? பெத்துப்போட்டுக் கெடக்கறவ, நான் எந்திரிச்சு வந்து கேக்கோணுமா?"

பூபதி சொன்னான். "பையன்னு நெனச்சுட்டு இருந்தேன் மேகலா. வாயில வந்துருச்சு. அப்படியெல்லாம் இல்லேன்னு இப்பச் சொன்னா அது பொய்யி."

"இப்பச் சொல்லிட்டா ஆறிப்போகுங்களா? ஆறாதுங்க."

"ஆறாட்டிப் போகுது. எங்கிட்டயே சொல்லு. தெனமும் சொல்லு. அந்தப் புள்ளகிட்டச் சொல்லியனுப்பாத."

"நீங்க மட்டும்? இப்பக்கூட அம்மாகிட்டச் சொல்லுன்னுதானுங்க கத்துனீங்க?"

அப்போது மேகலா கண்டாள். அவளுடைய காலுக்கும் அவனுடைய காலுக்கும் நடுவே, சரளைக் கல்லின்மேல், மறைந்துபோன நிழல் மறுபடியும் கறையாய்ப் படிந்திருந்தது. அது நகரவில்லை. அதன் விளிம்பில் ஓர் இழை கூடியது. அவளுடைய பேச்சு நின்றது. கூடிய இழை அங்கேயே நின்றது.

வேலியோரம் வந்து சேர்ந்திருந்த கூட்டத்திலிருந்து தாராபுரத்து அம்மாளின் குரல், வழக்கத்தையெல்லாம் மீறிக்கொண்டு வந்தது. "நிறுத்தாதீங்க கண்ணு. பேசுங்க."

மேகலா நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவளுடைய கண் அறிந்திருந்தது. லயாவுக்குக் காது குத்திய அன்று தாய்மாமனுக்குப் பக்கத்தில் நிற்காமல் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தீர்களே என்று கேட்டாள். நிற்கச் சொல்லி எவள் கூப்பிட்டாள் என்று அவன் கேட்டான். தனக்குக் காய்ச்சல் கண்ட வாரத்தில் கஞ்சி வைத்துவிட்டு, அதைக் குழந்தையிடம் கொடுத்தனுப்பியது ஏன் என்று கேட்டாள். நேரே கொண்டுவந்தால் நீ குடித்திருப்பாயா என்று அவன் கேட்டான். குடித்திருக்கமாட்டேன் என்றாள், ஆனாலும் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றாள். அவன் தன் பங்குக்குத் தன் குறைகளை எடுத்தான். பேசாமல் பரிமாறிய சோறு எப்படி இறங்கிற்று என்று சொன்னான். கம்பெனியில் விரல் கத்தரியில் பட்டுத் தையல் போட்டுக்கொண்டு வந்த அன்று, கட்டைப் பார்த்துவிட்டும் பாராததுபோல் உள்ளே போனாயே என்று சொன்னான். உள்ளே போய் அழுதேன் என்றாள். எனக்கு எப்படித் தெரியும் என்றான். இத்தனை ஆண்டுச் சொற்களும் வானத்துக்குப் போகாமல், ஒரு வாயிலிருந்து புறப்பட்டு, நேராக ஒரு காதைச் சென்று சேர்ந்தன. எதுவும் தீரவில்லை; எவரும் எவரையும் மன்னிக்கவில்லை. சில சொற்கள் முன்னதைவிட ஆழமாய்க் குத்தின. ஆயினும் தரையில் கிடந்த நிழல், பிரிந்த தையலை ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு கண்ணியாய் எடுத்துச் சேர்ப்பதுபோலக் கூடிக் கூடி, கறுத்து, இறுகி, கத்தரியால் வெட்டிய விளிம்பைப் பெற்றது. காற்று அதன் போக்கில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. காம்பு விட்டது காற்றால் அல்ல, பழுத்ததால்.

கூட்டம் அண்ணாந்து நின்றது. லயா மட்டும் மேலே பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவின் நிழல் அக்காவின் காலைத் தொட்ட கணத்தை அவள்தான் கண்டாள்.

சுபிக்ஷா சரளைக் கல்லின்மேல் நின்றாள். காலுறையில் வெயிலின் நிறம் ஏறியிருந்தது. மணிக்கட்டிலிருந்த பச்சைப் பட்டை மழையிலும் வெயிலிலும் வெளுத்து, இன்ன நிறம் என்று சொல்ல முடியாதபடி இருந்தது. கால் தரையைத் தாங்கும் வழக்கத்தை மறந்திருந்ததால் சற்றுத் தள்ளாடினாள். இன்னும் பேசிக்கொண்டிருந்த இருவருக்கும் நடுவே வந்து நின்று, குடையைக் கீழே வைத்துவிட்டு, வலக்கையின் இரு விரல்களைச் சேர்த்துத் தாயின் பக்கமும், இடக்கையின் இரு விரல்களைச் சேர்த்துத் தகப்பனின் பக்கமும் நீட்டினாள். அவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வேலிக்கு அப்பால் தாராபுரத்து அம்மாள் முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பச்சைப் பட்டை கட்டியவர்கள் வெளியே செல்லலாம் என்று லோகநாதன் ஒலிபெருக்கியில் சொன்னார்.

பாய்களைச் சுருட்டி வண்டியில் ஏற்றிப் புறப்படும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின்னிருக்கையில் சுபிக்ஷாவை அமர்த்தி, இடுப்புப் பட்டையை மாட்டி, அது சரியாகப் பூட்டிக்கொண்டதா என்று மேகலா இழுத்துப் பார்த்தாள். லயா அக்காவின் மடியில் தலைவைத்து உறங்கிப்போனாள். வண்டி நெடுஞ்சாலையில் ஏறியது. பேசிப் பேசிக் களைத்திருந்ததால் இருவரும் பேசவில்லை. அந்த அமைதி வெகுகாலம் பழகிய அமைதியாகவே இருந்தது. பக்கவாட்டிலிருந்து காற்று வண்டியை உலுக்கியது.

"சுபி" என்றாள் மேகலா, சாலையைப் பார்த்தபடியே. "அப்பாகிட்டக் கண்ணாடிய..."

பின்னிருக்கையில் இடுப்புப் பட்டை இறுகும் ஓசை கேட்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மீதிச் சொல்லை விழுங்கினாள். கையை மடியில் வைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

"ஏனுங்க. கண்ணாடிய ஏத்துங்க. காத்து அடிக்குது."

"எந்தப் பக்கத்துது?" என்றான் பூபதி.

"ரெண்டுந்தான்."

அவன் ஏற்றினான். பின்னிருக்கையில் பட்டை தளர்ந்தது.